மான்செஸ்டர் வேண்டாம், அந்தக் கால்வாய் போதும்

எந்த ஊர் என்று கேட்டால் சேத்துப்பட்டு என்பேன். உடனே "எக்மோருக்கு அடுத்த ஸ்டேஷன் தானே?" என்று கேட்பார்கள். இல்லைங்க, அது சென்னைச் சேத்துப்பட்டு. எங்க சேத்துப்பட்டு போளூருக்கும் வந்தவாசிக்கும் நடுவில், ஆரணிக்குத் தெற்கே இருக்கிறது. ஸ்டேஷன் எல்லாம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு உண்டு, மாதா கோயில் உண்டு, சில தெருக்களுக்குள் போனால் தறிச் சத்தம் உண்டு. இதைப் படிக்கிற உங்களில் சில பேர் வீட்டிலும் தறி இருக்கும். இல்லாவிட்டால் தாத்தா காலத்தில் இருந்திருக்கும், இப்போது அந்தத் தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டிருப்பீர்கள்.

எங்க பக்கத்தில் கைத்தறி பற்றிப் பேச யாருக்கு மைக் கிடைத்தாலும் ஒரு வசனம் கட்டாயம் வரும்: "ஆரணியை ஒரு மான்செஸ்டர் ஆக்குவோம்." கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. கோயம்புத்தூர் தென்னிந்திய மான்செஸ்டர். அகமதாபாத் இந்தியாவின் மான்செஸ்டர். கான்பூர் கிழக்கின் மான்செஸ்டர். மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சிக்கும் அதே பட்டம். நாலு மில் புகைபோக்கி தெரிந்தால் போதும், பட்டம் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த அசல் மான்செஸ்டர் எப்படி மான்செஸ்டர் ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. பொறியியல் படிக்கிற நாமாவது கேட்கலாமே.

அந்த ஊருக்குக் கடல் கிடையாது. பஞ்சு அங்கே விளையாது. மழையும் ஈரமும்தான் சொந்தச் சொத்து. ஈரக் காற்றில் நூல் அறுந்து போகாது என்பது உண்மைதான், ஆனால் அந்த ஈரம் சுற்றியிருந்த பத்து ஊருக்கும் பொது. மான்செஸ்டரைத் தனியாக்கியது பாதை. சரியாகச் சொன்னால், பாதையை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதில் அந்த ஊர் காட்டிய பிடிவாதம்.

1750-களில் மான்செஸ்டருக்கு நிலக்கரி பக்கத்திலேயே, வொர்ஸ்லி என்ற ஊரில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இருந்தும் ஊருக்குள் வரும்போது விலை எகிறிவிடும். காரணம், அது குதிரை முதுகில் மூட்டையாக வரவேண்டும். ஒரு குதிரை சுமப்பது ஒன்றேகால் குவிண்டால் இருக்கும். ஆற்று வழி இருந்தது, ஆனால் அதை வைத்திருந்த கம்பெனி கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. சுரங்கத்தின் சொந்தக்காரர் பிரிட்ஜ்வாட்டர் கோமகன். அப்போது அவருக்கு இருபத்து ரெண்டு வயசு. நம்ம சீனியர்களை விட ஒரு வயசோ ரெண்டு வயசோதான் கூட. அவர் ஆற்றைக் கெஞ்சவில்லை. சுரங்க வாயிலிலிருந்து ஊருக்குத் தானே ஒரு கால்வாய் வெட்டிக்கொள்ள 1759-ல் பாராளுமன்றத்தில் சட்டம் வாங்கினார்.

வேலையைச் செய்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ஆலை இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளி. எழுத்தறிவு ரொம்பக் குறைவு, பிளான் எல்லாம் மண்டைக்குள்தான். சிக்கல் வந்தால் போய்ப் படுத்துக்கொள்வார், விடை கிடைத்த பிறகுதான் எழுந்து வருவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். (ஹாஸ்டலில் இந்த முறையைப் பின்பற்றுகிறவர்கள் நிறைய. விடைதான் கிடைப்பதில்லை.) வழியில் இர்வெல் ஆறு குறுக்கே வந்தது. ஆற்றில் இறக்கி ஏற்றாமல், ஆற்றுக்குச் சுமார் 12 மீட்டர் உயரத்தில் கல் பாலம் கட்டி, அதன்மேல் தண்ணீரையும் படகையும் சேர்த்துக் கொண்டுபோனார். தண்ணீர் ஒழுகாமல் இருக்க, களிமண்ணை மணலும் தண்ணீரும் சேர்த்து மிதித்து மிதித்துப் பூசினார்கள். நம்ம ஏரிக்கரை வேலை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுரங்கத்துக்குள் ஊறித் தொல்லை கொடுத்த தண்ணீரையே கால்வாய்க்கு ஊற்றாக்கியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தொல்லையாக இருந்த தண்ணீர் வடிந்த மாதிரியும் ஆச்சு, படகு நேராகச் சுரங்கத்துக்குள்ளேயே போய்க் கரி ஏற்றிக்கொண்ட மாதிரியும் ஆச்சு.

1761-ல் படகு ஓடியது. மான்செஸ்டரில் கரி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை ஒரு தடவையிலோ பல தடவையிலோ தாண்டியவர்களுக்கு இதன் கணக்கு புரியும். மெதுவாகப் போகிற படகுக்குத் தண்ணீர் கொடுக்கும் எதிர்ப்பு ரொம்பக் குறைவு, வேகம் கூடினால்தான் அது வர்க்கத்தில் ஏறும். அதனால் நடக்கிற வேகத்தில் போனால் ஒரே குதிரை 30 டன் படகை இழுத்துவிடும். முதுகில் சுமந்ததைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். குதிரை அதே குதிரைதான், அதற்குக் கீழே இருந்த பாதைதான் மாறியது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டும். 1776-ல் அந்தக் கால்வாய் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தது, லிவர்பூலில் இறங்கிய பஞ்சு படகிலேயே வந்தது. 1804-ல் ராச்டேல் கால்வாய் மலைத்தொடரையே ஏறி இறங்கி மறுபக்கம் போனது. நீராவி மில்கள் கால்வாய் ஓரமாகவே வரிசை கட்டின. கரி வருவதும் அதில்தான், நீராவியைக் குளிர வைக்கத் தண்ணீர் எடுப்பதும் அதில்தான். ஆன்கோட்ஸ் பகுதியில் மர்ரே சகோதரர்களின் மில்லுக்குத் தெருவுக்கு அடியில் சுரங்கம் போட்டு, மில் முற்றத்துக்குள்ளேயே படகு வந்து நிற்கிற மாதிரி செய்திருந்தார்கள். அப்புறம் கால்வாய்க்காரர்களே ராஜாவாகி, கட்டணத்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். வியாபாரிகள் பொறுமை இழந்து 1830-ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ரயில் போட்டார்கள். ரயிலும் லிவர்பூல் துறைமுகமும் சேர்ந்து கட்டணத்தில் கறக்க ஆரம்பித்தபோது, 1882-ல் டேனியல் ஆடம்சன் என்ற பாய்லர் தயாரிப்பாளர் தன் வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். "கப்பலே நம்ம ஊருக்கு வரட்டும்" என்பதுதான் பேச்சு. லிவர்பூல் எதிர்த்தது, ரயில் கம்பெனிகள் எதிர்த்தன, பாராளுமன்றத்தில் மசோதா ரெண்டு முறை தோற்றது. மூணாவது முறை, 1885-ல் சட்டமாயிற்று. 58 கிலோமீட்டர் நீளம், கட்டி முடிக்க ஆறு வருஷத்துக்கு மேல், 1 ஜனவரி 1894 அன்று திறப்பு. பணம் நடுவில் தீர்ந்துபோனது. ஊர்க்காரர்கள் பங்கு வாங்கியிருந்தார்கள், அது போதாதபோது மான்செஸ்டர் மாநகராட்சியே 50 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, பதிலுக்கு இயக்குநர் குழுவில் பெரும்பான்மை இடத்தை வாங்கிக்கொண்டது. கடலே இல்லாத ஊர் துறைமுகமாகிவிட்டது.

நடுவில் நின்று காசு பிடுங்குகிறவன் யார் என்று ஒவ்வொரு தலைமுறையும் பார்த்திருக்கிறது, அவனைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி வெட்டியிருக்கிறது. மான்செஸ்டர் என்றால் எனக்கு இதுதான். மில் அப்புறம் வந்தது.

அந்த ஊரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன் என்று நினைக்காதீங்க. அந்தப் படகுகளில் வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பஞ்சு. அந்தக் கால்வாய் ஓரத்துக் குடிசைகளின் நாற்றத்தையும் கறுத்த ஆற்றையும் ஏங்கெல்ஸ் 1845-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். அங்கிருந்து கப்பலேறிய துணியும் நூலும் நம்ம நாட்டில் என்ன செய்தன என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. பருத்தி நெய்தவர்களுக்குத்தான் அடி பலம். பட்டும் ஜரிகையும் கோர்வைக் கரையும் அந்த மில்களால் அவ்வளவு சுலபமாகத் தொட முடியாத வேலை. ஆரணிப் பக்கம் இன்றைக்கும் தறி இருக்கிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மான்செஸ்டருக்கும் நம்ம ஊர்க் கால்வாய்களுக்கும் நேரடியாகவே ஒரு உறவு உண்டு. அது பாடப் புத்தகத்தில் இல்லை. அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருப்பது ஆபத்து என்று லங்காஷயர் மில்காரர்கள் 1857-ல் ஒரு பஞ்சு வழங்கல் சங்கம் ஆரம்பித்தார்கள். அவர்கள் கண் இந்தியா மேல் விழுந்தது. இங்கே பஞ்சு விளைகிறது, ஆனால் உள்நாட்டிலிருந்து மாட்டு வண்டியில் துறைமுகத்துக்கு வருவதற்குள் பாதி அழுக்காகி, விலையும் ஏறிவிடுகிறது. இதற்குக் கால்வாய்தான் மருந்து என்று சத்தம் போட்டவர் ஆர்தர் காட்டன். பேரே காட்டன், என்ன செய்ய! முக்கொம்பில் 1836-ல் மேலணை கட்டியவர், தவளேஸ்வரத்தில் கோதாவரி அணை கட்டியவர். மணலில் அஸ்திவாரம் போடக் கல்லணையிடமிருந்துதான் கற்றோம் என்று எழுதிய நேர்மையாளர். ரயிலை விட நீர்வழி பல மடங்கு மலிவு, அதே தண்ணீர் வயலுக்கும் பாயும், படகையும் தாங்கும் என்பது அவர் வாதம். மான்செஸ்டர் அரசியல்வாதி ஜான் பிரைட் அவருக்குத் துணை நின்றார்.

மதராஸ் நீர்ப்பாசன, கால்வாய் கம்பெனி என்று ஒன்று 1858-ல் தொடங்கி, துங்கபத்திரையிலிருந்து கர்னூல், கடப்பை வரை கால்வாய் வெட்டியது. செலவு கையை மீறியது. கரிசல் காட்டில் புன்செய் விவசாயம் செய்தவர்கள் தண்ணீருக்குக் காசு கட்ட வரவில்லை. 1882-ல் அரசாங்கமே கம்பெனியை வாங்கிக்கொண்டது. எதிர்ப்பக்கம் ரயிலுக்கு என்ன கவலை? போட்ட பணத்துக்கு ஐந்து சதவீதம் உறுதி என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது. நஷ்டம் வந்தால் இந்திய வரிப்பணம் கட்டும். ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் 1856-லேயே ரயில் வந்துவிட்டது. காட்டன் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷத்து மழை மான்செஸ்டரை விடக் குறைவில்லை, ஆனால் அங்கே வருஷம் முழுக்கத் தூறுகிறது, இங்கே சில மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. செய்யாற்றை மார்ச் மாதத்தில் போய்ப் பாருங்க. படகு இல்லை, வாத்து கூட நீந்தாது. நம்ம தமிழில் கால்வாய் என்றால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது, வயலுக்குக் கொண்டுபோவது. சரக்குப் போகிற வழி என்ற அர்த்தமே நமக்கு ஒட்டவில்லை, அதற்கு மண்ணும் மழையும் காரணம்.

ஆனாலும் ஒரு கால்வாய் மட்டும் நம்ம பக்கம் வரை வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய். 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கொக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே காக்கிநாடா வரையும் தெற்கே மரக்காணம் வரையும் கடலோரமாக நீண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு அப்போதுதான் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தக் காலத்து நிவாரண வேலைகளில் சில மாதம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும்தான் கூலி. அரைக் கிலோ கூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை, கால்வாய்க்கு கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் பெயர். பஞ்ச காலத்தில் நெசவாளிக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. சோற்றுக்கே வழியில்லாத ஊரில் சேலை யார் வாங்குவார்? விவசாயிக்கு முன்னாடியே அவன் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும்.

அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் ரொம்ப காலம் போயிற்று. அப்புறம் புயல்கள் வந்தன, லாரி வந்தது, சாக்கடை வந்தது, கடைசியில் சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களை அதன் நடுவிலேயே நட்டார்கள். 2008-ல் அதை நாலாவது தேசிய நீர்வழியில் சேர்த்து அறிவித்தார்கள். நீங்களே போய் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்க, மூக்கைப் பிடித்துக்கொண்டு. ராச்டேல் கால்வாயும் 1952-ல் மூடப்பட்டதுதான். அதை 2002-ல் முழு நீளத்துக்கும் மறுபடி திறந்துவிட்டார்கள், இப்போது சுற்றுலாப் படகு போகிறது.

அப்படியானால் கால்வாயே இல்லாமல் கோயம்புத்தூர் எப்படி மான்செஸ்டர் ஆனது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அங்கே 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது. ஆனால் மில்கள் சரசரவென்று பெருகியது 1930-களில், பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு. நீலகிரியிலிருந்து இறங்கிய அந்தக் கம்பிதான் கோவையின் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய். மான்செஸ்டருக்குக் கரி படகில் வந்தது, கோவைக்கு அதே சக்தி கம்பியில் வந்தது. ஆக ஒவ்வொரு ஊருக்கும் அதன் சரக்குக்குத் தகுந்த கால்வாய் ஒன்று வேண்டும். எங்க பக்கத்துக்கு அது என்ன?

என் மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "பட்டுச் சேலை முக்கால் கிலோ. அதைக் கட்டைப் பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதுக்கு எதுக்குடா கால்வாய்?" சரியான கேள்விதான். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்கு ரயில் என்று 2006 வாக்கில் ஒப்புதல் கொடுத்தார்கள். எங்க பக்கம் எல்லாத் தேர்தலிலும் அந்த ரயில் ஒருமுறை ஓடும். இப்போதைக்கு 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. அந்த ரயில் வரவேண்டும், படிக்கப் போகிறவர்களுக்கும் அரிசி மூட்டைக்கும் அது ரொம்ப முக்கியம். ஆனால் அது வந்தாலும் நெசவாளி கூலி ஒரு ரூபாய் கூட ஏறாது. சேலையின் விலையில் வண்டிச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை.

அப்போ எது பொருட்டு? ஒரு சேலையின் பயணத்தைப் பின்னாலிருந்து பாருங்க. கூடு ராமநகரச் சந்தையில் ஏலம் போகிறது. பட்டு நூலும் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அரசாங்கம் நடத்துகிற அண்ணா பட்டுப் பரிமாற்ற நிலையம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. நூலை மொத்தமாக எடுக்கக் காசு உள்ளவர் முதலாளி. அவர் பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார். வீட்டில் ஒருத்தர் தார் சுற்ற, ஒருத்தர் தறியில் உட்கார, நாள் கணக்கில் நெய்து எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூலி வாங்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சேலை எங்கே போகிறது, யார் கட்டுகிறார், என்ன விலைக்குப் போகிறது என்று நெய்தவருக்குத் தெரியாது. பல சேலைகள் ஆரணி, செய்யாறு வழியாகக் காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ போய், கண்ணாடி அலமாரியில் ஏறும்போது 'காஞ்சிப் பட்டு' ஆகிவிடுகின்றன. ஆரணிப் பட்டுக்குத் தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. சான்றிதழில் ஆரணி, சீட்டில் காஞ்சி!

காஞ்சிபுரத்து நெசவாளி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரும் இதே குழியில்தான் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்வது ஊரின் இடத்தைப் பற்றி. 1880-களில் மான்செஸ்டருக்கு லிவர்பூல் எப்படியோ, இன்றைக்கு ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் காஞ்சிபுரம் அப்படி. சரக்கு இங்கே உருவாகிறது, கதவு அங்கே இருக்கிறது. கதவுக்காரருக்குக் கட்டணம் கட்டாமல் வெளியே போக முடியாது. இதில் எடையா முக்கியம்? ஆடம்சனின் கப்பல் கால்வாய் எடைப் பிரச்சினைக்காக வெட்டப்படவில்லை. பஞ்சு அதற்கு முன்னாடியும் ரயிலில் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. பாதை அடுத்தவன் கையில் இருந்ததுதான் அவர்கள் பிரச்சினை.

எங்க பக்கத்தில் இதற்கு முன்பே ஒரு கால்வாய் வெட்டப்பட்டது, அது கூட்டுறவுச் சங்கம். அதன் ஊற்றும் மான்செஸ்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ராச்டேல் கால்வாய் போகிற அதே ராச்டேல் ஊரில், 1844-ல் நெசவாளர்களும் மற்ற தொழிலாளிகளுமாக 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் விற்க ஒரு சின்னக் கடை போட்டார்கள். கலப்படம் இல்லை, லாபம் உறுப்பினருக்கே, ஆளுக்கு ஒரு ஓட்டு. ஊர் முழுக்க மில், கரை ஓரமெல்லாம் கிடங்கு. அதற்கு நடுவில் ஒன்றும் இல்லாதவர்கள் தங்களுக்கு வெட்டிக்கொண்ட வழி அது. அந்த யோசனை 1904-ல் திருவல்லிக்கேணி வரை வந்து டி.யு.சி.எஸ். ஆனது. 1935-ல் நெசவாளர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கோ-ஆப்டெக்ஸ் ஆனது. நூல் வாங்க ஒரு வழி, சேலை விற்க ஒரு வழி, நடுவில் முதலாளி இல்லை. திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கால்வாய் என்றால் தூர் வாரணும் இல்லையா? பெயர் மட்டும் புத்தகத்தில் இருந்து பாவு கிடைக்காத உறுப்பினர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இங்கே உங்களோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. கைத்தறி என்று சொன்னதும் நம்ம கல்லூரிகளில் வருகிற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. தறிக்கு மோட்டார், ஜக்கார்டுக்கு எலக்ட்ரானிக் பெட்டி, கால் மிதிப்பைக் குறைக்க நியூமேட்டிக்ஸ். உடம்பு வலியைக் குறைக்கிற எதையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், குழியில் உட்கார்ந்து முட்டி போனவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ரெண்டு மடங்கு வேகமாக நெய்து அதே கதவில் போய் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? கதவுக்காரர் கூலியைக் குறைப்பார், அவ்வளவுதான். பிரிண்ட்லி குதிரையைக் கொழுக்க வைக்க ஆராய்ச்சி செய்யவில்லை என்பதை ஞாபகம் வையுங்க.

அடுத்து ஆப். "நெசவாளியையும் வாடிக்கையாளரையும் நேரடியாக இணைக்கும் செயலி" என்று ஸ்லைடு போடாத சிம்போசியம் உண்டா? இணைத்துவிட்டு ஆர்டர் வந்தால், நாற்பது ஐம்பது ஆயிரத்துக்கு நூலும் ஜரிகையும் வாங்க அந்த வீட்டில் பணம் எங்கே இருக்கிறது? முதலாளியின் பலம் கடையில் இல்லை, நூலில் இருக்கிறது. முன்கூட்டி நூல் கொடுக்க முடிந்தவன்தான் இந்தத் தொழிலில் பாதையின் சொந்தக்காரன். அதனால் முதல் வெட்டு அங்கே விழணும். ஆரணியிலோ சேத்துப்பட்டிலோ ஒரு நூல் வங்கி, தரமும் எடையும் தள்ளி நிற்காமல் கண் முன்னே சோதித்துக் கொடுக்கிற ஒரு மேசை, நெய்த பிறகு கழித்துக்கொள்கிற கடன். இதில் ராக்கெட் சயின்ஸ் ஒன்றும் இல்லை. டெக்ஸ்டைல் துறை நண்பர்களுக்கு நூல் சோதனை செமஸ்டர் பாடம், இ.சி.இ. நண்பர்களுக்கு ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று காட்டுகிற கருவி ஒரு நல்ல ப்ராஜெக்ட். சேலையோடு ஒட்டி வருகிற ஒரு கியூ.ஆர். குறியில் நெய்த ஊரின் பெயர் மட்டும் இருந்தால் கூடப் போதும், கண்ணாடி அலமாரியில் அது பெயர் மாறுவது கஷ்டமாகிவிடும்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்யணும்" என்று ஒரு குரல் வரும். செய்யணும்தான். மான்செஸ்டர் மாநகராட்சி கூட ஊர்ப் பணத்தைக் கொட்டியது. ஆனால் அது 1890-களில், பள்ளம் பாதி தோண்டின பிறகு. 1882-ல் ஆடம்சன் வீட்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கையில் ரெண்டு இன்ஜினியர்களின் அளவீடுகள்தான் இருந்தன. எங்கிருந்து எங்கே, எவ்வளவு சரக்கு, இப்போது யாருக்கு என்ன கட்டணம் போகிறது என்ற கணக்கு இருந்ததால்தான் பாராளுமன்றத்தில் மூணு தடவை வாதாட முடிந்தது. நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை. ஒரு சேலை விலையில் நூலுக்கு எவ்வளவு, ஜரிகைக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, கதவைத் தாண்டும்போது எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டால் எங்க தெருவில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். எல்லாமே யூகம்.

அதனால் இந்த செமஸ்டர் லீவில் அதை எழுதி எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு நோட்டு, ஒரு எக்செல் ஷீட், வீடு வீடாக உட்கார்ந்து கேட்கப் பொறுமை. நெய்பவர் பெயரோ முதலாளி பெயரோ வேண்டாம், சரக்கின் பெயரும் எண்ணும் போதும். சேத்துப்பட்டும் தேவிகாபுரமும் நான் பார்த்துக்கொள்கிறேன், அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, டீயும் கிடைக்கும். ஆரணி டவுனுக்கு ரெண்டு பேர் வேண்டும், தறி தெரிந்தவராக இருந்தால் நல்லது. களம்பூர், வந்தவாசிப் பக்கத்து ஆட்கள் இருந்தால் சொல்லுங்க. காஞ்சிபுரத்தில் கடை விலையைக் கேட்டுக் குறித்து வர ஒரு ஆள் கட்டாயம் தேவை. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த மாதிரி நடிக்கத் தெரிந்திருக்கணும், அம்மாவைக் கூட்டிப்போனால் இன்னும் உத்தமம்.